உப்புவெளி: மூடிய துறைமுகமும் திறந்த கரையும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கப்பலின் மேல்தளத்தில் நின்று அதைப் பார்த்தவர்கள். ஆழம் எவ்வளவு, எந்தக் காற்றுக்கு மறைவு, வாயில் எவ்வளவு அகலம், எத்தனை போர்க்கப்பல்கள் நங்கூரமிடலாம் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். இன்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எழுதுவதும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான். கணக்கில் பிழையில்லை. சுமார் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு, 500 மீற்றர் அகலமான வாயில், அதற்கு வெளியே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு என்று அமைந்த இயற்கைத் துறைமுகங்கள் உலகில் மிகச் சிலவே. ஆனால் தரையில் நிற்பவர் கேட்கவேண்டிய ஒரு கேள்வி அந்த எழுத்துகளில் அகப்படுவதில்லை. இந்த நீரைச் சுற்றிக் குடியிருக்கும் மக்களுக்கு இதன் கரையில் எவ்வளவு கிடைத்தது?

அந்தக் கேள்வியோடு வருபவரை நகரம் வடக்கே அனுப்பிவிடுகிறது. திருகோணமலை ஓர் ஒடுக்கமான நிலக்கழுத்தில் இருக்கிறது. மேற்கே உட்துறைமுகம், கிழக்கே திறந்த கடல். கிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாறைமுனையில் கோணேசர் கோயில். அதை அடையும் வழியை அடைத்தபடி பிரெட்ரிக் கோட்டை. கோட்டைக்கு வடக்கே கரை வளைந்து திருக்கடலூர், மனையாவெளி, உப்புவெளி, அலஸ்தோட்டம், சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று போகிறது. ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை என்று மைல்கட்டையை வைத்தே இடம் சொல்வது இந்த வீதியின் வழக்கம். நகரிலிருந்து நாலைந்து கிலோமீற்றரில் உப்புவெளி வந்துவிடும். இந்தக் கரைக்குத் துறைமுகத்தின் ஆழம் இல்லை, மறைவும் இல்லை. வாடைக்காற்றில் அலை எழுந்தால் வள்ளம் இறக்க முடியாது. எந்தக் கடற்படைத் தளபதியும் இதற்கு ஆசைப்பட்டதில்லை. அதனாலேயே இது ஊராரிடம் தங்கியது. நல்ல துறைமுகம் பேரரசுகளுக்குப் போக, மிஞ்சிய மணற்கரை ஊருக்கு வந்தது. திருகோணமலைக் கரையோரத்தின் வரலாறு இதுதான் என்று நினைக்கிறேன். இப்போது அந்த மிச்சத்துக்கும் போட்டி வந்திருக்கிறது.

கோட்டைகளின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அதன் கற்களையும் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து நிலைக்காமல் போனார்கள். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஜனவரியில் ஆங்கிலேயரும் ஆகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சுப்ரனும் கோட்டையைப் பிடித்தார்கள். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்து, 1957 வரை துறைமுகத்தை விடவில்லை. வந்த எவருக்கும் நகரம் தேவைப்படவில்லை. நங்கூரத் தலம் வேண்டும், அதைக் காக்கப் பீரங்கி மேடை வேண்டும், மேடையைச் சுற்றி ஆள் நடமாட்டமில்லாத வெளி வேண்டும். பிரெட்ரிக் கோட்டையும் துறைமுக வாயிலுக்கு மேலே நின்ற ஒஸ்டன்பேர்க் கோட்டையும் இந்தத் தேவையில் பிறந்தவை. கோட்டைக்கு முன்னுள்ள முற்றவெளி இன்று நகரத்தின் விளையாட்டுத் திடலாக இருப்பது அந்தப் பழைய பீரங்கிக் கணக்கின் மீதி. 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது பழைய கோயிலின் வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஆனாலும் அடியார்கள் இன்றுவரை ஓர் இராணுவ முகாமின் ஊடாகத்தான் கோயிலுக்கு நடக்கிறார்கள்.

உட்துறைமுகத்தின் கிழக்குக் கரையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச கடற்படையின் டொக்யார்ட் எடுத்துக்கொண்டது. அந்தக் கடற்படையின் உலகம் எவ்வளவு பெரியது என்பதற்கு நகரின் பழைய ஆங்கிலேயர் இடுகாடே சாட்சி: நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்குத் திருகோணமலை என்றே பெயரிட்டார்கள். அந்தக் கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரக் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். பெயர் கொடுத்த ஊரின் டொக்யார்டோ மதில் வைத்த தளமாகவே இருந்துவந்திருக்கிறது.

இத்தகைய துறைமுகத்தின் மேல் ஏன் பெருநகரம் எழவில்லை என்று பலர் வியந்திருக்கிறார்கள். காரணம் நீரில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. திருகோணமலையின் பின்நிலம் வறண்ட காடும் பாழடைந்த குளங்களும் மலேரியாவுமாக இருந்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த மலைநாடு கொழும்புக்குப் பின்னால் இருந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கிழக்கே போகும் கப்பல்களுக்குக் கொழும்பு வழியில் வாய்த்தது. இயற்கையான மறைவு இல்லாத அந்தக் கரையில் 1875இல் அலைதாங்கியின் முதற்கல்லை நாட்டி, பத்தாண்டில் செயற்கைத் துறைமுகம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். திருகோணமலைக்கு ரயில் வர 1927 ஆயிற்று. இதற்கிடையே 1905இல் செலவைக் குறைக்கும் பொருட்டு டொக்யார்டையே கடற்படை மூடியது. வணிகம் வராத துறைமுகத்தில் போர்த்தேவை குறைந்தால் வேலையும் இல்லை. போர்த்தேவை மிகுந்தால் ஊருக்கு இடமில்லை.

போர்த்தேவை 1920களில் எண்ணெயோடு திரும்பிவந்தது. கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபோது, சீனக்குடாவை அடுத்த காட்டில் சுமார் 850 ஏக்கரில் எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். மொத்தம் 101. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானியக் கடற்படை திருகோணமலையைத் தாக்கியது. டொக்யார்டிலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. குதம் ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. தாக்குதலுக்குத் தப்பத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே விரைந்த ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள். அந்தப் போரில் இறந்தவர்களுக்காக உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம், பொதுநலவாய யுத்த மயானம் இருக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்ட கல்லறைகள். புல் வெட்டி, பெயர்களைத் துலக்கி, நன்றாகவே பேணுகிறார்கள். பின்னாளில் இதே வீதியில் நடந்த உள்நாட்டுப் போரில் இறந்த உள்ளூராருக்கு இப்படி ஓர் இடம் அமையவில்லை என்ற எண்ணம் அங்கு போகும் தமிழருக்கு வராமல் இருக்காது. அந்த எண்ணத்தை அடக்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

1957 அக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தார்கள். சுதந்திர நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். டொக்யார்டில் வேலை செய்தவர்களுக்கு அது சம்பளம் நின்ற காலம். வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் இருத்தலாம் என்ற யோசனை எழுந்தபோது அதற்கு வந்த எதிர்ப்பு, 1958 கலவரத்துக்கு முந்திய பதற்றங்களில் ஒன்றாயிற்று. ஒரு துறைமுகத்தை மூடுவது கப்பல் சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரையில் வேலை போனால் மக்கள் உள்நாட்டில் நிலம் தேட வேண்டிவருகிறது. இலங்கையில் நிலம் தேடுவது எப்போதும் அரசியல்.

மதில்களின் உடைமையாளர் மாறினாரே தவிர மதில்கள் நின்றன. டொக்யார்ட் இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தளமாயிற்று. விமானத்தளம் வான்படைக்குப் போனது. எஞ்சிய 99 குதங்களின் கதையோ நாடுகளுக்கிடையிலான கடிதங்களில் நடந்தது: 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும் அவை இருக்கின்றன, 2003இல் ஒரு பகுதி இந்திய நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடம் போனது, 2022 ஜனவரியில் 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்குமாக ஐம்பது ஆண்டுக்குப் பிரிக்கப்பட்டன. கைத்தொழில் வந்ததையும் சொல்ல வேண்டும். 1980இல் சிங்கப்பூரின் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. 1982இல் ஏ.வை.எஸ். ஞானத்தின் நிறுவனமும் ஜப்பானின் மிட்சுயி சுரங்க நிறுவனமும் சேர்ந்து டோக்கியோ சீமெந்தை நிறுவின. ஒரு காலத்தில் குண்டு போட்ட நாடு நாற்பதாண்டுக்குப் பின் அதே குடாவில் சீமெந்து அரைத்தது. ஆலைகள் வேலை கொடுத்தன. அவற்றின் இறங்குதுறைகளும் வேலிக்குள்தான். வளைகுடாவின் தென்கரையில் சம்பூர் மக்கள் 2006இல் போரில் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும் பின்னர் மின்நிலையத் திட்டங்களுக்குள்ளும் போனது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே பலர் திரும்பினார்கள். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் தரைவழியாகப் போக நெடுங்காலம் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறிக் களப்பைக் கடக்கவேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009 அக்டோபரில்தான்.

ஆக, உட்துறைமுகத்தின் நீண்ட கரையில் நகரவாசி மாலையில் காற்று வாங்க உட்துறைமுக வீதியில் ஒரு சிறு நீளம் இருக்கிறது. உவர்மலையில் ஏறினால் நீர் தெரியும். மற்றபடி அவருக்குக் கடல் என்பது கிழக்குக் கரைதான். அந்தக் கரையும் எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அண்மையில் கடற்கரையில் கூடியிருந்த தமிழ் மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். நகரக் கரையோரம் பற்றிய எந்தத் திட்ட ஆவணமும் இதைப் பேசாது. ஆனால் பொது இடம் என்று நாம் சொல்வதன் முதல் நிபந்தனை, அங்கு போன பிள்ளை வீடு திரும்புவது.

இனி உப்புவெளி. இந்தக் கரையின் பழைய சட்டம் கரைவலைச் சட்டம். கரைவலை இழுக்க என்ன வேண்டும் என்பதை விளங்கிக்கொண்டால் இங்கு நடக்கும் பிணக்கு முழுவதும் விளங்கிவிடும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டே சற்றுத் தள்ளி மறு முனையோடு கரை சேரும். இரண்டு அணிகள் மணலில் நின்று இரண்டு கயிற்றையும் இழுப்பார்கள். இழுக்க இழுக்க அணிகள் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியாக மடி வரும். அதில் நெத்தலி, சூடை, கீரி, நல்ல நாளில் பாரை. இதற்குக் கல்லில்லாத கடலடி வேண்டும். நூற்றுக்கணக்கான மீற்றர் நீளத்துக்கு மறிப்பில்லாத மணல் வேண்டும். இழுக்கும் நேரத்தில் நடுவே நீந்துபவர், படகு, சாய்நாற்காலி எதுவும் இருக்கக்கூடாது. இப்படி அமைந்த ஒவ்வொரு துண்டுக் கரையும் ஒரு பாடு. எந்தப் பாட்டில் எவர் வலை எந்த முறையில் இறங்கும் என்ற ஒழுங்கு தலைமுறைகளாக வந்தது. தொழிலை நடத்தும் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. அரசும் இதை அங்கீகரித்தே கரைவலைக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அதாவது, வெறும் மணலாகத் தெரிவது உண்மையில் உரிமைகள் எழுதப்பட்ட நிலம். அந்த உரிமை காணி உறுதியில் இல்லை, கடலைப் பார்த்துக் கிடக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இங்கே பருவமும் ஒரு சிக்கலைச் செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில், சோளகம் வீசும்போது, இலங்கையின் மேற்குக் கரை கொந்தளித்துக் கிழக்குக் கரை அமைதியாகும். மே முதல் செப்டம்பர் வரையான அந்த மாதங்களில்தான் உப்புவெளியில் கரைவலை நன்றாகப் போகும். மேற்கே தொழில் நின்ற நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி என்னும் கரையோரக் குடிசை அடிப்பதும் அதே மாதங்களில்தான். தெற்கின் கடற்கரை ஹோட்டல்கள் வெறுமையாகி, வெள்ளைக்காரப் பயணிகளும் கொழும்புக் குடும்பங்களும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருவதும் அப்போதுதான். வாடைக்காலத்தில் எவருக்கும் வேண்டாத கரையை வருடத்தில் ஐந்து மாதம் மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. இந்தக் காலக்கணக்கைத் தவிர்த்துவிட்டு வெறும் பரப்பளவை வைத்து வலயம் பிரிக்கும் திட்டம் எதுவும் இங்கு சரிவராது.

போர்க்காலம் பிணக்கை ஒத்திவைத்தது. 1983க்குப் பின் அலை அலையாக வந்த வன்முறையில் இந்த வீதியோரத்து மக்கள் வன்னிக்கும் தமிழ்நாட்டுக்கும் போனார்கள். அலஸ்தோட்டத்தில் நெடுங்காலம் அகதி முகாம் இருந்தது. கடலில் தொழில் செய்ய நேரக்கட்டுப்பாடும் தூரக்கட்டுப்பாடும் வந்தன. 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்மரக் கலத்தில் வந்த ஆய்வாளர்கள், ஆழ்பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருவதால் இங்கே நீலத்திமிங்கிலங்களைக் கரையோரத்திலேயே காணலாம் என்று உலகுக்குச் சொன்னார்கள். அந்தச் செய்தி ஊருக்கு வருமானமாக மாற கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று விடிகாலையில் திமிங்கிலம் பார்க்கவும், 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கவும் ஆள் ஏற்றும் படகுகளில் பல, மீன்பிடிக் குடும்பங்களின் படகுகள். இது நல்ல மாற்றம். மீனவருக்கும் சுற்றுலாவுக்கும் இயல்பான பகை ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அரசு ஒரு வரம்பு போட்டது: தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது. உயிர்காக்கும் நோக்கில் போட்ட வரம்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது குடிசைக்குத் தடையாகவும் சுற்றுலாக் கட்டடத்துக்கு விலக்காகவும் நடைமுறைக்கு வந்தபோது கரையோர மக்கள் அதைப் புரிந்துகொண்ட விதத்தில் தவறில்லை. கடலோரத்தில் வாடி இல்லாவிட்டால் வலையை எங்கே உலர்த்துவது, இயந்திரத்தை எங்கே வைப்பது? வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் உள்ளே தள்ளிக் குடியமர்ந்துவிட்டன. போர் முடிந்த 2009க்குப் பின் காணிவிலை ஏறியது. வேலிகள் கடற்பக்கமாக நகர்ந்தன. வீதியிலிருந்து கடலுக்கு இறங்கிய ஒழுங்கைகள் சில, ஹோட்டல் வாசல்களில் முடிகின்றன. 1981இன் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம் என்கிறது. கடற்கரை தனியாருடையதாக முடியாது. ஆனால் போகும் வழி அடைபட்டால் பொதுக் கடற்கரை பொதுவாக இருந்து என்ன பயன்?

வேலியைவிட ஆழமான பிரச்சினை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இந்தக் கரையோர மணற்பட்டையில் நல்ல தண்ணீர் என்பது, மழை மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். கடல்நீர் கனம் கூடியது, மழைநீர் கனம் குறைந்தது என்பதால் மட்டுமே அது நிற்கிறது. மெல்ல இறைத்தால் அடுத்த மாரி நிரப்பிவிடும். மோட்டார் வைத்து ஓரிடத்தில் உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு எழுந்து கிணறு கெடும். ஒரு முறை ஏறிய உப்பு இறங்கப் பல மாரி வேண்டும். சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்த்தபோது ஊரார் இதை நேரில் அறிந்தார்கள். பயணிகள் வரும் பருவமோ மழை குறைந்த பருவம். நீச்சல்குளமும் புல்தரையும் குளியலறைகளும் கூடுதலாக நீர் கேட்கும் மாதங்களில்தான் படலம் மிக மெல்லியதாக இருக்கிறது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே இருப்பது வெறும் மணல். நகருக்குக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அது வயலுக்கும் பொதுவான நீர். ஆகவே உப்புவெளியில் எத்தனை அறைகள் கட்டலாம் என்பதைக் காணி தீர்மானிக்க முடியாது. தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும்.

துறைமுகம் மூடியே இருக்கவேண்டும் என்பது விதியல்ல என்று காட்ட ஜப்பானின் யோக்கோகாமாவைச் சொல்லலாம். 1859இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த துறைமுகம் அது. 1945 மே 29ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் நகரை எரித்தன. போருக்குப் பின் துறைமுகத்தின் பெரும்பகுதியை ஆக்கிரமிப்புப் படை கையகப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகவே திருப்பிக் கொடுத்தது. அதோடு நகரின் இரண்டு மையங்களுக்கு நடுவே கடலை மறித்துக்கொண்டு மிட்சுபிஷி கப்பல்கட்டுந்தளம் நின்றது. 1965இல் நகரபிதா அசுகாதா இச்சியோ அறிவித்த ஆறு பெருந்திட்டங்களில் ஒன்று, தளத்தை அகற்றி நகரைக் கடலோடு சேர்ப்பது. தளம் இடம்பெயர்ந்து வேலை தொடங்க 1983 ஆயிற்று. கடலை நிரப்பிய நிலமும் சேர்ந்து 186 ஹெக்டேயரில் மினாதோ மிராய் என்ற கரையோர நகர்ப்பகுதி எழுந்தது. 296 மீற்றர் உயரமான கோபுரத்தைத்தான் படங்களில் காட்டுவார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு. கட்டடங்களின் உயரம் கடலை நோக்கிப் படிப்படியாகக் குறைய வேண்டும், நீரோரம் நடப்பவர்களுக்கு விட வேண்டும் என்று நில உரிமையாளர்கள் 1988இல் தமக்குள் எழுதி ஒப்புக்கொண்டார்கள். பழைய கப்பற்றளமும் சரக்கு ரயில்பாதையும் செங்கற் களஞ்சியங்களும் இடிபடாமல் மக்கள் நடமாடும் இடங்களாயின. இரண்டாவது இதைவிட முக்கியம். ஜப்பானில் கரையோர மீன்பிடி உரிமை சட்டப்படி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுடையது. 1950களின் இறுதியில் யோக்கோகாமாவின் நெகிஷிக் குடாவை ஆலைகளுக்காக நிரப்பியபோது, மீனவர்களிடம் பேசி, இழப்பீடு கொடுத்து, உரிமையை வாங்கவேண்டியிருந்தது. மீனவர்கள் தோற்றார்கள் என்றே சொல்லலாம், குடா போய்விட்டது. ஆனால் உரிமை எழுத்தில் இருந்ததால் எவரும் அவர்களை வெறுமனே விலக்கிவிட முடியவில்லை. உப்புவெளிச் சம்மாட்டிக்கும் வலை இழுப்பவருக்கும் அந்த அளவு பிடிமானம்கூட இல்லை.

திருகோணமலைக்கும் திட்டங்கள் வந்தபடி இருக்கின்றன. 2017இல் சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனம் பெருந்திட்டம் வரையப் பணிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சம்பூர் சூரிய மின்நிலையப் பணியும் தொடங்கியது. குதங்களும் குழாய்களும் நாட்டுக்குத் தேவையெனில் வரட்டும். எனது கவலை, இவை எல்லாம் மறுபடியும் கப்பல் மேல்தளத்திலிருந்து வரைந்த படங்கள் என்பது. அவற்றில் நகரம் என்பது துறைமுகத்துக்கான வேலையாள் குடியிருப்பாகவும் உப்புவெளி ஹோட்டல் வலயமாகவும் நிறம் பூசப்பட்டுவிடும். 2012 கணக்கெடுப்பில் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் எவரும் தனிப்பெரும்பான்மையாக இல்லாத ஒரு மாவட்டத்தினர், ஒரே இடத்தில் அச்சமின்றி இருந்து காற்று வாங்கக்கூடிய கரை எது என்ற கேள்வி அந்தப் படங்களில் எழுவதில்லை. மாலை நேரங்களில் அத்தகைய இடமாக இன்று ஓரளவுக்கு இருப்பது நகரின் கிழக்குக் கடற்கரையும் உப்புவெளி மணலும்தான்.

செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மீன்பிடித் திணைக்களத்திடம் கரைவலை அனுமதிப்பத்திரங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பாடுகளைச் சாம்பல்தீவிலிருந்து திருக்கடலூர் வரை வரைபடமாக்கி, நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்தோடு சட்டபூர்வமாக இணைக்க வேண்டும். அப்போது பாட்டின் மேல் எழும் கட்டடம் பாட்டுக்காரரின் சம்மதம் கேட்டே எழும். வீதியிலிருந்து கடலுக்குப் போகும் ஒவ்வொரு பழைய ஒழுங்கையும் பிரதேச சபையின் பெயரில் பதிவாக வேண்டும். நில அளவைப் படங்களில் அவை இருக்கும்போதே இதைச் செய்வது எளிது. அறைகளின் எண்ணிக்கைக்கு நிலத்தடி நீர் அளவு வரம்பாக வேண்டும். உட்துறைமுகத்தில் கடற்படையை வெளியேறச் சொல்வது நடக்கப்போவதில்லை, நான் அதைக் கேட்கவும் இல்லை. கேட்பது, உட்துறைமுக வீதியின் பொதுக்கரையை இரு பக்கமும் சிறிது நீட்டி, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பயணிகள் படகு கட்டக்கூடிய ஓர் இறங்குதுறையோடு மக்களிடம் விடுவது. பேரங்களில் குதங்களை 14, 24, 61 என்று எண்ணிப் பிரிக்க முடிந்த அரசுகளுக்குச் சில நூறு மீற்றர் கரையை எண்ணிக் கொடுப்பது கடினமாக இருக்காது.

இவற்றில் முதலில் நடக்கவேண்டியது பாடுகளின் வரைபடம். மற்றவை தாமதித்தாலும் பிறகு செய்யலாம். ஒரு பாட்டின் நடுவே சீமெந்துத் தூண் எழுந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி வலை வளைக்க முடியாது. வலை வளைத்தவர்களின் பிள்ளைகள் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளவும் மாட்டார்கள். வாடைக்காலத்தில் கரை வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில், சம்மாட்டிகளையும் இழுவைக்காரரையும் வெளியூர் வாடிக்காரரையும் ஹோட்டல்காரரையும் பிரதேச செயலகத்துக்கு அழைத்து, கட்டை கட்டையாக எல்லை சொல்லவைத்து எழுதிவிடலாம். அடுத்த சோளகத்துக்குள் முடியக்கூடிய வேலை இது.